தட்டும் காணியும்: திருவாலங்காடு கற்பிக்கும் பாடம்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், அரக்கோணத்திற்குச் சற்று முன்னதாக வரும் சிறிய நிலையம் திருவாலங்காடு. ஒரு காலத்தில் ஆலமரங்கள் அடர்ந்த காடாக இருந்ததால் பெற்ற பெயர் அது. திருத்தணி மலையும் ஆந்திர எல்லையும் தொலைவில் இல்லை. சிவபெருமான் ஆடியதாகச் சைவர்கள் போற்றும் ஐந்து அம்பலங்களுள் இரத்தின அம்பலம் இவ்வூரில்தான் உள்ளது. ஆடலுக்கும் பாடலுக்கும் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற ஊர் என்று இதனைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

நம் கத்தோலிக்க இதழில் இவ்வூரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. கலைஞன் தன் கலைக்காகப் பிறரிடம் பொருள் கேட்கலாமா என்ற கேள்வி அண்மையில் என்னை மிகவும் வருத்தியது. அதற்கு விடை தேடியபோது, இந்த ஒரே ஊரின் வரலாற்றில் மூன்று வேறுபட்ட விடைகள் அருகருகே கிடப்பதைக் கண்டேன். அவற்றை நம் திருச்சபையின் தொடக்கக் கால மரபோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பொதுநிலையினராகிய நமக்குப் பயன் தரும் என்று எண்ணுகிறேன்.

கேள்வி எழுந்த விதம்

நான் அறிந்த இளைஞர் ஒருவர் திருத்தணி வட்டாரத்துச் சிற்றூர்களில் நடைபெறும் தெருக்கூத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து யூடியூப்பில் வெளியிட்டு வந்தார். தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. மாதச் சம்பளம் வீட்டுச் செலவுக்கே இழுபறி. சனிக்கிழமை இரவு புறப்பட்டுப் போய், விடிய விடியக் கூத்துப் பார்த்துப் படமெடுத்து, ஞாயிறு காலைத் திருப்பலிக்குத் தூக்கக் கண்களோடு வந்து நிற்பார். அவர் படங்களைச் சில நூறு பேர் பார்த்தனர். அவர்களில் பலர், பிழைப்பைத் தேடி வெளியூர்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற இவ்வட்டாரத்து மக்கள். தங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவைத் திரையிலாவது கண்டு மகிழ்ந்தவர்கள்.

ஒரு நாள் அவர் என்னிடம் வந்தார். "சார், ஒலி சரியாகப் பதிவாகவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு நல்ல ஒலிவாங்கி வாங்க வேண்டும். பார்க்கிறவர்களிடம் உதவி கேட்கலாமா?" என்றார்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். அறிவுரை சொல்வது பழகிப்போன தொழில். "வேண்டாம் தம்பி. ஆசைக்காகச் செய்கிற காரியம், ஆசையாகவே இருக்கட்டும். கேட்டால் பிச்சை என்பார்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கேட்கவில்லை. சில மாதங்களில் கைப்பேசியும் பழுதாகியது, படமெடுப்பது நின்றது. அவர் பதிவு செய்ய எண்ணியிருந்த முதிய கூத்து வாத்தியார் ஒருவர் அந்த இடைவெளியில் காலமானார். அவர் மனத்தில் இருந்த பாட்டுகள் முழுமையாக வேறெங்கும் பதிவாகவில்லை என்று அவருடைய ஜமாவினர் சொல்லக் கேட்டபோது, என் அறிவுரையின் விலை எவ்வளவு என்பது எனக்கு விளங்கியது. அதன் பின்னரே நூல்களைப் புரட்டத் தொடங்கினேன்.

முதல் விடை: எதையும் வேண்டாத அம்மையார்

திருவாலங்காட்டின் பெயரோடு பிரிக்க முடியாதவர் காரைக்கால் அம்மையார். காரைக்காலில் வணிகர் குடியில் பிறந்து, புனிதவதி என்ற பெயரோடு இல்லறம் நடத்தியவர். கணவன் பிரிந்த பின், உடலழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்று, ஆலங்காட்டில் வந்து தங்கிப் பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. திருவாலங்காட்டைப் பற்றி அவர் பாடிய இரண்டு பதிகங்கள் மூத்த திருப்பதிகங்கள் என்று போற்றப்படுகின்றன. தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் தொடக்கக் குரல்களுள் ஒன்று அவருடையது.

இறைவன் வரம் கேட்கச் சொன்னபோது அவர் கேட்டது பொன்னும் அன்று, பொருளும் அன்று. மாறாத அன்பும், ஆடும் திருவடியின் கீழ் இருந்து பாடிக்கொண்டே இருக்கும் பேறுமே. பாடுவதற்குக் கூலி பாடுவதே. கலையை அன்புக்காகவே செய்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தமிழில் காண்பது அரிது. நான் அந்த இளைஞருக்குச் சொன்ன அறிவுரை, அறிந்தோ அறியாமலோ, அம்மையாரின் வழியைச் சுட்டியதாகும்.

ஆனால் ஒன்றை நான் மறந்துவிட்டேன். அம்மையார் இல்லறத்தையும் வணிகக் குடியின் செல்வத்தையும் துறந்து வந்தவர். தம் தேவைகளையே சுருக்கிக்கொண்டவர். துறவியின் வழியை, வாடகை வீட்டில் வயதான பெற்றோரோடு வாழும் ஒருவர் மேல் நாம் சுமத்துவது முறையா? தம் விருப்பத்தால் துறப்பது அறம். பிறர் துறக்க வேண்டும் என்று நாம் விதிப்பது அறம் ஆகாது.

இரண்டாம் விடை: செப்பேட்டில் எழுதிய காணி

1905ஆம் ஆண்டு திருவாலங்காட்டில் ஒரு பெரும் செப்பேட்டுத் தொகுதி வெளிப்பட்டது. முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அறக்கொடையைக் கூறுவது அது. கி.பி. 1018 அளவில் நிகழ்ந்த கொடை. வளையத்தில் கோக்கப்பட்டு அரச முத்திரையிடப்பட்ட 31 ஏடுகள். வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் உண்டு. சோழர் குல வரலாற்றை எழுதுவோர் எவரும் இதனைத் தொடாமல் செல்ல முடியாது. ஆயினும் இதன் நோக்கம் எளிமையானது. அண்டை ஊராகிய பழையனூரின் வருவாயைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு உரிமையாக்குவதே அது.

அம்மையார் எதையும் வேண்டாமல் பாடிய அதே ஊரில், சில நூற்றாண்டுகள் கழித்து வழிபாடும் விழாவும் தடையின்றி நடைபெற ஓர் ஊரின் வருவாயே எழுதி வைக்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். அன்பினால் தொடங்குவது நீடித்து நிற்க வேண்டுமானால் அதற்கு ஒரு பொருள் அடித்தளம் தேவை என்பதைச் சோழர் அறிந்திருந்தனர். கோயில்களில் கூத்தாடுவோருக்கு நிலம் விடப்பட்டபோது அதனைக் கூத்துக்காணி, சாக்கைக்காணி என்றெல்லாம் கல்வெட்டுகள் குறிக்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலில் இதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக் கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பவருக்கு நாள்தோறும் ஒரு தூணி நெல் வீதம் ஆண்டுக்கு 120 கலம் நெல் வழங்க ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. மூன்று தூணி ஒரு கலம் என்பதால் கணக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. ஆடுவது விழாக் காலத்தில். நெல் அளப்பதோ ஆண்டு முழுவதும். கலைஞன் மேடையில் நிற்கும் நாள்களில் மட்டும் உண்பவன் அல்லன் என்பதை அக்காலத்து அரசு உணர்ந்திருந்தது. மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ பெற்ற நமக்கு இது புதிய செய்தி அன்று.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. அந்த நாடகத்தின் பெயரிலேயே மன்னன் பெயர் இருக்கிறது. ஆடிய கலைஞருக்கும் விசயராசேந்திர ஆசாரியன் என்ற பட்டம். அதுவும் அரசப் பெயரே. நாடகத்தின் ஏடு நமக்குக் கிடைக்கவில்லை. கொடையின் கல்வெட்டு மட்டும் கிடைத்துள்ளது. படி அளப்பவர் பெயர் நிலைத்தது, படைப்பு மறைந்தது. புரவலர் ஒருவரையே நம்பி வாழும் கலை, அவர் விரும்பும் பாட்டையே பாட நேரும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

மூன்றாம் விடை: கூத்துக்களத்தில் ஏந்திய தட்டு

அரசர்கள் போயினர், காணிகளும் பெரும்பாலும் கைமாறின. ஆயினும் கூத்து நிற்கவில்லை. திருத்தணி, ஆர்க்காடு, செய்யாறு வட்டாரங்களில் இன்றும் கோடையில் அக்கினி வசந்த விழா எடுத்துப் பாரதக் கூத்து நடத்துகின்றனர். ஊரார் தலைக்கட்டு வரி திரட்டி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து ஜமாவை அழைக்கின்றனர். இது ஊரின் கூட்டுக் காணி எனலாம்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. நள்ளிரவில் அர்ச்சுனனோ கர்ணனோ உருக்கமாகப் பாடும்போது, கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து வேடதாரியின் மார்பில் பணத்தாளைக் குத்துவார். உடனே கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரையும் ஊரையும் தொகையையும் உரக்கச் சொல்லி வாழ்த்துவான். சில வேளைகளில் தட்டு ஒன்று கூட்டத்திடையே சுற்றி வரும். கொடுத்தவனும் பார்க்கலாம், கொடாதவனும் பார்க்கலாம். கொடாதவனை எழுப்பிவிடுவார் எவரும் இலர்.

யூடியூப் தொடங்கப்பட்டது 2005இல். விளம்பர வருவாயில் படைப்பாளிகளுக்குப் பங்கு தரும் திட்டம் 2007இல் வந்தது. அமெரிக்க இசைக் கலைஞர் ஜாக் காண்டே, பார்வையாளரே மாதந்தோறும் படைப்பாளியைத் தாங்கும்படியாகப் பேட்ரியான் என்ற அமைப்பை 2013இல் சாம் யாம் என்பவரோடு சேர்ந்து தொடங்கினார். காணொளிக்காகத் தாம் செலவிட்டதற்கும் விளம்பரத்தால் பெற்றதற்கும் இருந்த பெரும் இடைவெளியே அவரை இதற்குத் தூண்டியது. 2017இல் யூடியூப்பே நேரலையின்போது பணம் செலுத்துவோர் பெயரையும் தொகையையும் வண்ணத்தில் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. நம் கட்டியங்காரன் செய்துவந்த வேலையைத்தான் அந்த நிறுவனம் இயந்திரத்திடம் ஒப்படைத்தது. நம் நாட்டில் 2016இல் யு.பி.ஐ. முறை வந்தபின், பத்து ரூபாயைக்கூடக் கைப்பேசி வழியே அனுப்புவது எளிதாயிற்று. தட்டின் வடிவம் மாறியது, தட்டு மாறவில்லை.

2018 சனவரியில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. ஆயிரம் உறுப்பினரும், ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் இல்லாதவருக்கு விளம்பரப் பங்கு இல்லை என்று யூடியூப் விதித்தது. சிறிய அளவில் ஆர்வத்தால் படமெடுப்போர் இவ்விதியால் வெளியே நிறுத்தப்பட்டனர். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல் போல ஒரு கோடி உறுப்பினரைப் பெற்றவர்களுக்கு விளம்பரமே போதும். அவர்கள் 2021இல் முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கியதும் நாம் அறிந்ததே. ஆனால் கூத்தைப் படமெடுப்பவருக்குச் சில நூறு பார்வையாளரே வாய்ப்பர். அவருக்கு மீந்திருப்பவை இரண்டு வழிகள்: தம் சட்டைப்பையிலிருந்து செலவிடுவது, அல்லது கேட்பது.

விளம்பரம் என்பதும் ஒரு தட்டுதான். ஆனால் அது மறைவாகச் சுற்றும் தட்டு. பார்ப்பவருடைய நேரத்தையும் கவனத்தையும் அவர் அறியாமலே எடுத்து விற்கும் தட்டு. வெளிப்படையாகக் கேட்பதை இழிவென்றும், விளம்பரம் பெறுவதை வெற்றியென்றும் கருதும் நம் வழக்கத்தில் ஏதோ கோணல் இருக்கிறது.

திருச்சபையின் தொடக்கக் கால அனுபவம்

இக்கேள்வி நம் திருச்சபைக்குப் புதியது அன்று. நற்செய்தியிலேயே இதன் இரு முனைகளும் ஒன்றாக இருக்கின்றன. மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், கொடையாகப் பெற்றதைக் கொடையாகவே வழங்குமாறு தம் சீடருக்குக் கட்டளையிடும் ஆண்டவர், அடுத்த இரண்டு வசனங்களுக்குள்ளேயே வேலையாள் தன் உணவுக்கு உரிமையுடையவர் என்றும் உரைக்கிறார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விடுவதற்கு நமக்கு உரிமை இல்லை. லூக்கா நற்செய்தியின் எட்டாம் அதிகாரமோ, மகதலா மரியா, யோவன்னா, சூசன்னா முதலிய பெண்கள் தம் உடைமையைக் கொண்டு இயேசுவுக்கும் சீடருக்கும் பணிவிடை செய்ததைப் பதிவு செய்கிறது. நம் ஆண்டவரே பிறர் உதவியை ஏற்று வாழ்ந்தவர் என்பதை நாம் எத்தனை முறை நினைத்துப் பார்க்கிறோம்?

புனித பவுல் இதனை மேலும் நுணுக்கமாக ஆராய்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரம் முழுவதும் இதைப் பற்றியதே. நற்செய்தி அறிவிப்போர் அதனால் பிழைக்க உரிமையுடையவர் என்று பலவாறாக நிலைநாட்டிவிட்டு, அந்த உரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். கொரிந்தில் அக்கிலா, பிரிஸ்கில்லா ஆகியோரோடு கூடாரம் செய்து தம் கையால் உழைத்தார். ஆனால் பிலிப்பி நகரத்தார் அன்போடு அனுப்பியதை ஏற்றுக்கொண்டார், நன்றியும் எழுதினார். ஆக, ஓரிடத்தில் மறுத்தவரே மற்றோரிடத்தில் பெற்றுக்கொண்டார். கொடுப்பவருக்கும் தமக்கும் இடையிலான உறவு எத்தகையது, பெறுவதால் பணிக்குத் தடை வருமா என்பதே அவர் பார்த்த அளவுகோல். எருசலேம் ஏழைகளுக்காக அவர் துணிந்து கேட்டார். கேட்டபோதும், திரட்டிய பணத்தை மக்களே தேர்ந்த ஆள்கள் எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். பெருந்தொகையைக் கையாளும்போது எவரும் குறை கூறாதபடி பார்த்துக்கொண்டதாக இரண்டாம் திருமுகத்தில் எழுதுகிறார்.

தொடக்கத் திருச்சபையின் மிகப் பழைய நூல்களுள் ஒன்று திதாக்கே எனப்படும் பன்னிரு திருத்தூதர் படிப்பினை. பல நூற்றாண்டுகள் காணாமற்போயிருந்த இந்நூலின் படியை 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கிரேக்க ஆயர் பிரியென்னியோஸ் கண்டெடுத்து 1883இல் வெளியிட்டார். ஊர் ஊராகச் சுற்றி வந்த போதகர்களை எப்படி நடத்துவது என்று அது கூறும் விதிகள் நம் கேள்விக்கு மிகவும் நெருங்கியவை. வருபவர் ஒரு நாள் தங்கலாம். தேவையெனில் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி. போகும்போது அடுத்த ஊர் சேரும்வரை போதுமான அப்பம் பெறலாம்; பணம் கேட்டால் போலி. ஆவியின் பெயரால் தமக்குப் பணம் கேட்பவருக்குச் செவிகொடுக்க வேண்டாம்; ஆனால் ஏழைகளுக்காகக் கேட்டால் அவரைத் தீர்ப்பிடவும் வேண்டாம். நிலையாகத் தங்க விரும்புபவர் தொழில் தெரிந்தவரானால் உழைத்து உண்ணட்டும். இவ்வளவும் சொல்லிய அதே நூல், உண்மையான போதகருக்கு விளைச்சலின் முதற்பலனைக் கொடுங்கள் என்றும் சொல்கிறது.

இவ்விதிகளின் பின்னால் இருக்கும் அறிவை நாம் கவனிக்க வேண்டும். பணத்தை அவர்கள் தீண்டத்தகாததாக எண்ணவில்லை. இறைவன் பெயரைச் சொல்லித் தனக்கென்று கேட்பதையே அஞ்சினர். அந்த அச்சம் இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1265ஆம் எண், இரந்துண்ணும் துறவற சபைகளின் உரிமையை விலக்காக வைத்துவிட்டு, தனியார் எவரும் பக்தி நோக்கத்திற்காகவோ திருச்சபை நிறுவனத்திற்காகவோ, தம் ஆயரும் அவ்விடத்து ஆயரும் எழுத்து மூலம் இசைவு தராமல் நிதி திரட்டுவதைத் தடை செய்கிறது. செபமாலையைச் சொல்லி, குணமளிக்கும் வழிபாட்டைக் காட்டி, திரையின் கீழே வங்கிக் கணக்கு எண்ணை ஓடவிடுவோர் இந்த விதியை ஒரு முறையேனும் படித்துப் பார்ப்பது நன்று.

மறைநூல் அறிஞர் கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகின்றனர் என்று ஆண்டவர் கண்டித்ததையும், ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளைப் புகழ்ந்ததையும் மாற்கு அடுத்தடுத்தே வைத்திருக்கிறார். அந்தக் காசுகளைப் போற்றி மறையுரை கேட்கிறோம். அவற்றை வாங்கிக்கொள்பவருக்கு உரிய எச்சரிக்கை முந்திய வசனங்களில் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

வாசகர் கொடுத்த பொருளில் வளர்ந்த தமிழ் அச்சு

கேட்பதன் மறுபக்கத்தையும் பார்ப்போம். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற 16 பக்க நூல் அச்சேறியது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. அதனை ஆக்கியவர் இயேசு சபைக் குரு அண்டிரிக்கி அடிகளார். அந்த அச்சுப் பணிக்குப் பொருள் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரவர் குல மக்கள். கடலில் மூச்சடக்கி உழைத்து ஈட்டிய பணம் தமிழ் எழுத்தாக வார்க்கப்பட்டது. அவர்களிடம் கேட்பது இழிவு என்று அடிகளார் ஒதுங்கியிருந்தால் தமிழ் அச்சின் வரலாறு எப்படி இருந்திருக்கும்?

நம் காலத்திலும் இரண்டு எடுத்துக்காட்டுகள் உள்ளன. 1998 பொங்கல் நாளில் முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைக் கணினியில் ஏற்றி எவருக்கும் இலவசமாக வழங்குகிறது. தன்னார்வலர்களின் உழைப்பே அதன் முதல். தட்டச்சு செய்தவரும் மெய்ப்புப் பார்த்தவரும் ஊதியம் பெறவில்லை. இது அம்மையாரின் வழி. 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டமோ வேறு வழியைத் தேர்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த வடுவைச் சுமந்த சமூகத்திடம், நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கிக் காக்கப் பொருள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. பழைய இதழ்களை ஒளிவருடப் பணியாளர் வேண்டும், கருவி வேண்டும், இடம் வேண்டும். புலம்பெயர்ந்த தமிழர் கொடுத்தனர். இது கூத்துக்களத்துத் தட்டின் வழி.

இரண்டும் நிலைத்தன. இரண்டையும் தமிழுலகம் நன்றியோடு நினைக்கிறது. ஆகவே, கேளாதவர் உயர்ந்தவர், கேட்பவர் தாழ்ந்தவர் என்று பிரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. பணியின் இயல்பைப் பொறுத்தே வழி அமைகிறது.

நாம் கொள்ளத்தக்க நெறி

ஆர்வத்தால் காணொளி எடுப்பவர் பார்வையாளரிடம் உதவி கேட்கலாம் என்றே இவ்வளவு தேடலுக்குப் பின் எண்ணுகிறேன். ஆனால் சில எல்லைகளுக்குள் கேட்க வேண்டும்.

முதலாவது, படைப்பு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். கூத்துக்களத்தில் கொடாதவனும் விடியும் வரை அமர்ந்து பார்க்கலாம். அந்தப் பெருந்தன்மையைத் திரையிலும் காக்க வேண்டும். இரண்டாவது, எதற்காகக் கேட்கிறோம் என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஒலிவாங்கி வேண்டுமானால் ஒலிவாங்கிக்கு என்று கேட்க வேண்டும்; பண்பாட்டைக் காக்க என்றோ, விசுவாசத்தை வளர்க்க என்றோ பெரிய சொற்களால் அதனைப் போர்த்தக் கூடாது. தன் உழைப்புக்கும் ஒரு பகுதி வேண்டுமானால் அதையும் நாணாமல் சொல்லலாம். வேலையாள் கூலிக்கு உரிமையுடையவர். மூன்றாவது, வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று கணக்கு வெளியிட வேண்டும். புனித பவுல் செய்ததை நாம் செய்யக் கூசுவானேன்? வருமான வரிக் கணக்கிலும் அதனைச் சேர்க்க வேண்டும். அன்பளிப்பு என்று பெயரிடுவதால் மட்டும் அது கணக்குக்கு வெளியே போய்விடாது.

நான்காவது, இறைவன் பெயரையும் பக்தியையும் கேட்கும் கருவியாக்கலாகாது. திருச்சபைப் பணிக்கென்று கேட்பதானால் பங்குத்தந்தை வழியாக ஆயரின் எழுத்து இசைவைப் பெற்ற பின்னரே கேட்க வேண்டும். ஐந்தாவது, படமெடுக்கப்படும் கலைஞரை மறக்கலாகாது. கூத்தாடியவர் வியர்வை சிந்த, படமெடுத்தவர் மட்டும் தட்டு ஏந்துவது நீதி ஆகாது. வருவதில் ஒரு பங்கு ஜமாவுக்குச் சேர வேண்டும். அவர்கள் இசைவின்றி எடுக்கவே கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இவை கேட்பவருக்கு. கொடுக்கும் நமக்கும் கடமை உண்டு. 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணை, நல்ல இதழ்களையும் திரைப்படங்களையும் வானொலி, தொலைக்காட்சிப் பணிகளையும் பொருளுதவியாலும் திறமையாலும் தாங்குவது விசுவாசிகளின் கடமை என்று நினைவூட்டியது. நல்லது வரவில்லையே என்று அங்கலாய்க்கும் நாம், நல்லதைத் தருபவர் எதை உண்டு வாழ்கிறார் என்று கேட்டதுண்டா? கேட்கப்படும்வரை காத்திருக்கும் நம் பழக்கமே அவர்களைக் கேட்க வைக்கிறது. கேட்டவுடன் பிச்சை என்று முகம் சுளிப்பதும் நாமே. மகதலா மரியாவும் யோவன்னாவும் எவரும் கேட்டுக் கொடுத்ததாக நற்செய்தி சொல்லவில்லை.

கட்டியங்காரன் பெயர் சொல்லி வாழ்த்தும் மகிழ்ச்சியை நான் குறைகூறவில்லை; அது களத்தின் கலகலப்பு. ஆனால் வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பெயர் ஓடாத இடத்திலும் கொடுக்கத் தெரிய வேண்டும்.

முடிவாக ஒரு செய்தி. சென்ற மாதம் அந்த இளைஞரைத் தேடிச் சென்றேன். திருவாலங்காட்டு நிலையத்தின் நடைமேடையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். நான் சொன்னது தவறு என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். செப்பேட்டையும் திதாக்கேயையும் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார். "சார், இவ்வளவு படித்துத்தான் சரி என்று சொல்ல வேண்டுமா?" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாத்தியாரின் தம்பி இருக்கிறார். அவருக்கும் பாதிப் பாட்டு தெரியுமாம்" என்றார்.

வரும் கோடையில் அக்கினி வசந்தம் தொடங்கும்போது அவர் மீண்டும் படமெடுக்கப் போகிறார். பார்வையாளரிடம் கேட்பதா இல்லையா என்பதை அவரே முடிவு செய்வார். அது அவருக்குரியது. ஒலிவாங்கிக்கு என் பங்காக ஒரு தொகையை அன்றே அவரிடம் கொடுத்தேன். படத்தில் என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.